கட்டுகிறவர் யார்? சுமக்கிறவர் யார்?

நாலு வியாபாரிகள் கூடிய இடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வரியில் வந்து நிற்பது வழக்கம். அரிசி விலையில் தொடங்கினாலும் சரி, மகள் கல்யாணத்தில் தொடங்கினாலும் சரி, தேநீர்க் குவளை காலியாகும் நேரத்தில் யாராவது ஒருவர், "என்ன சம்பாதித்து என்ன பாய், பாதியை சர்க்கார் கொண்டு போய்விடுகிறது" என்று பெருமூச்சு விடுவார். மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். நாமும் ஆட்டியிருக்கிறோம்.

ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்துக்கு வருவதற்கு முன்னால் வர்த்தக சங்கங்கள் நிதி அமைச்சுக்கு மகஜர் அனுப்புவது முறை. அப்படிப்பட்ட மகஜர்களில் ஒரு கருத்து மட்டும் தவறாமல் இடம் பெறும். வியாபாரத்தின்மேல் வரியோ கட்டணமோ கூடினால், கஷ்டப்படப் போவது முதலாளிகள் அல்லர், அவர்களிடம் வேலை செய்யும் ஏழைத் தொழிலாளர்களே என்பதுதான் அக்கருத்து. கேட்பதற்கு இரக்கமுள்ள சொல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், அதற்குள்ளே ஒரு கேள்வி ஒளிந்திருப்பது தெரியும். அந்தக் கேள்வியை இந்த இதழில் நம் வர்த்தகச் சகோதரர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வரி கூடினால் அது தொழிலாளி தலையில்தான் விழும் என்பது மெய்யானால், அதை அவன் தலையில் இறக்கி வைப்பது யாருடைய கை? வரி நம் வழியாக அவனிடம் போய்ச் சேருகிறதென்றால், "நாங்கள் நாட்டுக்கு இவ்வளவு வரி கட்டுகிறோம்" என்று மேடையில் நாம் பெருமை பேசுவது எப்படிப் பொருந்தும்? ஒன்று, வரியை நாம் சுமக்கிறோம், பெருமை நமக்குரியது. அல்லது, அவன் சுமக்கிறான், பெருமையும் அவனுக்குரியது. இரண்டையும் நாமே எடுத்துக்கொள்வது நேர்மையான கணக்காகாது.

சுங்கமில்லாத் துறைமுகம்

இந்தக் கேள்வி இன்று நேற்று முளைத்ததல்ல. நம் முன்னோர் சூலியா வணிகர்கள் என்ற பெயரோடு இக்கரைகளில் கடை விரித்த காலத்திலேயே இருந்தது. 1819ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர் சுங்கமில்லாத் துறைமுகமாக வளர்ந்தது. கப்பலில் வந்த சரக்குக்கு வரியில்லை. வியாபாரியின் வருமானத்துக்கும் வரியில்லை. கிட்டங்கிகள் நிறைந்தன. எல்லா இனத்து வணிகர்களும் கொழித்தார்கள். ஆனால் போலீஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, சாலை போடப்பட்டது, ஆளுநருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

அபின் குத்தகையிலிருந்தும் சாராயக் குத்தகையிலிருந்தும் வந்தது. அபின் காய்ச்சி விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் ஏறக்குறையப் பாதி இந்த அபினிலிருந்தே வந்தது. அதை வாங்கிப் புகைத்தவர்கள் யார்? கம்பீர் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் துறைமுகத்திலும் முதுகு ஒடிய உழைத்த சீனக் கூலிகள். பகலெல்லாம் மூட்டை தூக்கியவன் இரவில் உடல் வலி மறக்க அபின் புகைத்தான். அவனுடைய கூலியில் ஒரு பகுதி அன்றிரவே குத்தகைக்காரர் வழியாக அரசாங்கக் கஜானாவுக்குப் போயிற்று. 1910ஆம் ஆண்டு குத்தகை முறை ஒழிந்து அரசாங்கமே அபின் விற்பனையை நேராக ஏற்று நடத்தியபோதும், பணம் வந்த இடம் மாறவில்லை.

மதுவும் போதையும் ஹராம் என்று ஐந்து வேளை தொழுத நம் முன்னோர் அதில் கை நனைக்காமல் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த வரியில்லாத் துறைமுகத்தின் நன்மையை எல்லாரும்தான் அனுபவித்தார்கள். வரியே இல்லாத துறைமுகம் என்று ஒன்று உலகில் இருந்ததில்லை. நம்மிடம் கேட்கப்படாத வரி வேறொருவனிடம் கேட்கப்பட்டது, அவ்வளவுதான்.

போருக்குப் பின் 1947இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வருமான வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1948 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 20 வீதம் என்பது தொடக்க விகிதம். வணிகர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதன்று. சிங்கப்பூரில் ஆளுநர் தமது சிறப்பு அதிகாரத்தைக் கொண்டே அதை நிறைவேற்ற வேண்டியிருந்தது. அதே 1947ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அரசியலமைப்புத் திட்டத்தை எதிர்த்து நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. அதற்குச் சீனப் பெருவணிகர்கள் தோள் கொடுத்ததற்கு வருமான வரிமேல் இருந்த கசப்பும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அபின் வரியை எதிர்த்து அந்த அளவுக்கு எந்த வணிகரும் கடையடைத்ததாக நாம் படித்ததில்லை.

கடை கப்பலேறுமா?

மறுபக்கத்தையும் பார்ப்பது நீதி. வியாபாரத்தின்மேல் போடும் வரி தொழிலாளியைத் தொடுவதே இல்லை என்று சொல்வதும் உண்மையாகாது. 1962ஆம் ஆண்டில் ஆர்னால்டு ஹார்பர்கர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், கம்பெனி வரி கடைசியில் யார்மேல் இறங்குகிறது என்பதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முதல் நாட்டைவிட்டு வெளியே போக வழியில்லாத நிலையில், அவ்வரி பெரும்பாலும் முதல் போட்டவர்கள்மேலேயே தங்கும் என்பது அவர் கண்ட முடிவு. பின்னர், முதல் கடல் தாண்டிப் போகக்கூடிய சிறிய நாடுகளை ஆராய்ந்தவர்கள் அதில் ஒரு பங்கு கூலிக்காரர்மேல் இறங்கத்தான் செய்யும் என்றார்கள். பெரிய தொழிற்சாலை ஒரு நாட்டில் வரி கூடினால் மறுநாட்டுக்குப் போய்விடும். தொழிலாளி போக முடியாது. ஆகவே நிற்பவன்மேல் சுமை நிற்கும். எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்தில்லை.

இந்த நியாயம் உலகக் கம்பெனிகளுக்குப் பொருந்தும். அவர்கள் இந்நாட்டைக் காட்டி அந்நாட்டிலும், அந்நாட்டைக் காட்டி இந்நாட்டிலும் சலுகை கேட்டதனால்தான் பல நாடுகள் ஒன்றுகூடி, ஆண்டுக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வரவுள்ள குழுமங்கள் எங்கே போனாலும் நூற்றுக்கு 15 வீதமாவது வரி செலுத்த வேண்டும் என்று ஏற்பாடு செய்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் 2025 ஜனவரி 1 முதல் அதை நடைமுறைப்படுத்தின.

ஆனால் நம் நாசி கண்டார் கடை கப்பலேறுமா? மசூதி இந்தியா வட்டாரத்துத் துணிக்கடை வியட்நாமுக்குக் குடிபோகுமா? பினாங்கு லெபு சூலியாவில் உட்கார்ந்து நாணயம் மாற்றுகிறவர் வரி கூடியதென்று பாத்தாமுக்குப் பெட்டியைத் தூக்குவாரா? நம்முடைய கடை நிற்கிற இடத்திலேயே நிற்கப் போகிறது. உலகக் கம்பெனி சொல்லும் நியாயத்தை நாம் இரவல் வாங்கிப் பேசுவது நமக்குப் பொருந்தாத சட்டையை மாட்டிக்கொள்வது போலாகும்.

நெருக்கடி மெய்யாகவே வந்து, தொழிலாளியே சுமையை ஏற்ற காலமும் உண்டு. 1985இல் சிங்கப்பூரில் பொருளாதாரம் சரிந்தது. 1986இல் முதலாளிகள் தொழிலாளர்களின் மத்திய சேமநிதிக்குச் செலுத்திய பங்கு நூற்றுக்கு 25இலிருந்து ஒரேயடியாக 10ஆகக் குறைக்கப்பட்டது. கம்பெனி வரியும் 40இலிருந்து 33ஆக இறக்கப்பட்டது. வேலைகளைக் காப்பாற்ற என்று சொல்லப்பட்டது. வேலைகள் மீண்டதும் உண்மைதான். ஆனால் கம்பெனி வரி அதன்பின் ஏறவேயில்லை. இறங்கி இறங்கி 2010இல் 17 ஆயிற்று. முதலாளியின் சேமநிதிப் பங்கு சிறுகச் சிறுக ஏறினாலும் பழைய 25ஐ எட்டவில்லை. கஷ்ட காலத்தில் கொடுத்ததைத் தொழிலாளியிடம் முழுவதும் திருப்பிக் கொடுத்தோமா என்ற கேள்வி அந்தக் கணக்கில் பாக்கியாகவே நிற்கிறது.

நம் பேரேட்டில் ஒரு பக்கம்

ஊர்க் கதை போதும். நம் கடைக் கதைக்கு வருவோம். அயல்நாட்டுத் தொழிலாளர் லெவியை அறியாதவர் நம்மில் இல்லை. 1990களின் தொடக்கத்தில் வந்த இந்த லெவி யார் கட்ட வேண்டியது? வெளியாளை வைப்பது மலிவு என்று முதலாளிகள் உள்நாட்டுத் தொழிலாளியை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகப் போடப்பட்டது அது. ஆக, முதலாளியின் கையைப் பிடிப்பதற்காக வந்த வரி. ஆனால் நெடுங்காலம் அது தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. 2009இல் முதலாளிதான் கட்ட வேண்டும் என்றார்கள். 2013 ஜனவரியில், குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளியாக வந்த வேளையில், தொழிலாளியிடம் பிடித்துக்கொள்ளலாம் என்று மறுபடியும் விட்டார்கள். 2018 ஜனவரி 1 முதல் முதலாளியே செலுத்த வேண்டும் என்று ஆயிற்று.

2017ஆம் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உணவுக்கடைப் பையனுக்குத் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 வெள்ளி. ஆண்டுக்கு 12,000 வெள்ளி. சேவைத் துறைக்கு லெவி ஆண்டுக்கு 1,850 வெள்ளி. அதாவது அவன் சம்பளத்தில் நூற்றுக்கு 15க்கும் மேல். அதே ஆண்டில் சிறு கம்பெனிக்கு முதல் 5 லட்சம் வெள்ளி லாபத்தின்மேல் வரி நூற்றுக்கு 18. கவனியுங்கள்: கம்பெனிக்கு வாடகை, சரக்கு, சம்பளம், மின்சாரம் எல்லாம் கழித்து மிஞ்சிய லாபத்தின்மேல் 18. அவனுக்கோ சோறு தின்பதற்கு முன்னால், ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால், கைக்கு வருவதற்கு முன்னாலேயே 15. அந்தச் சம்பளத்தில் ஓர் உள்நாட்டுத் தொழிலாளி இருந்திருந்தால் ஒரு காசு வருமான வரி கட்ட வேண்டியிருந்திராது.

மாதம் 154 வெள்ளி. சம்பள நாளில் உறையைப் பிரித்து எண்ணும் அந்தப் பையன் நம் பக்கத்து ஊர்க்காரனாக இருப்பான். நாம் போகிற ஜும்ஆவுக்கு வருகிறவனாக இருப்பான். "முதலாளி" என்று கூப்பிடாமல் "மாமா" என்று கூப்பிடுகிறவனாகவும் இருப்பான். அந்த 154 வெள்ளி அவனுடைய உம்மாவின் மருந்துக்கா, தங்கையின் பள்ளிக்கூடத்துக்கா என்று நாம் கேட்கவில்லை. சட்டம் அனுமதித்தது, பிடித்தோம். மற்றவர்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம் பழைய பேரேட்டைப் புரட்டினாலும் அந்தப் பற்று வரி இருக்கிறது.

2018க்குப் பின் சட்டம் மாறிவிட்டது. ஆனால் பெயர் மாறிய பிடிப்புகள் சில இடங்களில் இருப்பதாகக் காதில் விழுகிறது. தங்கும் செலவு, பெர்மிட் செலவு, காகிதச் செலவு என்று எழுதினால் லெவி லெவியாக இல்லாமல் போய்விடுமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூலிக்காரனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். கொடுத்த கூலியை வேறு வழியாக வாங்கிக்கொள்வது கொடுத்ததாகுமா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று மாத இடைவேளை

2015 ஏப்ரல் 1 முதல் பொருள் சேவை வரி நூற்றுக்கு 6 வீதம் வந்தது. அதை அறிவித்த வரவு செலவுத் திட்டத்திலேயே கம்பெனி வரியை 25இலிருந்து 24ஆகக் குறைப்பதும் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1994இல் அதே வரி நூற்றுக்கு 3 வீதமாக வந்தபோதும் கம்பெனி வரி 30இலிருந்து 27ஆக இறங்கியது. ஒரு கதவு திறக்க ஒரு கதவு மூடுகிறது. இது வரி அரசியலின் வாடிக்கை.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். அரிசி போன்ற அத்தியாவசியப் பொருள்களுக்கு மலேசியாவில் அவ்வரி விதிக்கப்படவில்லை. சிங்கப்பூரில் குறைந்த வருமானக்காரருக்கு உதவித் தொகை கொடுக்கிறார்கள். ஆனாலும் 1,000 வெள்ளி சம்பளக்காரன் ஆயிரத்தையும் செலவழித்தாக வேண்டும்; செலவின்மேல் விழும் வரி அவனுடைய முழு வருமானத்தையும் தேடி வரும். 10,000 வெள்ளி வருமானமுள்ளவர் 4,000 செலவழித்து 6,000 மிச்சம் பிடித்தால், அந்த ஆறாயிரத்தை அன்றைக்கு அது தொடாது. ஒரே வரி, ஒரே விகிதம். ஆனால் ஏழைமேல் முழுக்க விழுகிறது, இருப்பவர்மேல் அரைகுறையாக விழுகிறது.

பிறகு 2018 ஜூன் 1ஆம் நாள் அவ்வரி பூஜ்யமாக்கப்பட்டது. செப்டம்பர் 1ஆம் நாள் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. இடையில் மூன்று மாதங்கள். நம் சமூகத்துக்கு அது ஒரு பரீட்சை. வரி வந்தபோது, "சர்க்கார் போட்டது, நாங்கள் என்ன செய்ய?" என்று தே தாரேக் விலையைக் கூட்டினோம். வரி போனபோது அந்தக் காசைத் திருப்பிக் குறைத்தவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத்துச் செய்வானாக. குறைக்காமல், "பால் விலை ஏறிவிட்டது, வாடகை ஏறிவிட்டது" என்று காரணம் தேடியவர்களும் உண்டு. அதே கடைகளில் சில செப்டம்பரில், "வரி வந்துவிட்டது" என்று மறுபடியும் ஏற்றியதை நம் வாடிக்கைக்காரர்கள் மறக்கவில்லை. வரி என்று சொல்லி வாங்கிய காசு வாடிக்கைக்காரர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். வரி நின்ற பிறகும் அதை வாங்கினால் அது வரியுமாகாது, விலையுமாகாது. அதற்கு வேறு பெயர் உண்டு. எழுத மனம் வரவில்லை.

இரண்டு தராசுகள்

இங்கேதான் நம் கேள்வியின் முடிச்சு அவிழ்கிறது. திருமறையின் 83ஆவது அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரைப் பற்றியது. பிறரிடமிருந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களை அது கடுமையாக எச்சரிக்கிறது. நாம் இதைப் படிக்கும்போது பருப்பையும் சர்க்கரையையும் துணியையும்தான் நினைக்கிறோம். வரிக்கும் இரண்டு தராசு வைக்கலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். செலுத்திய மூலதனம் 25 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத சிறு கம்பெனிக்கு, முதல் ஒன்றரை லட்சம் வெள்ளி லாபத்தின்மேல் வரி 2023ஆம் வரி ஆண்டிலிருந்து 17இலிருந்து 15ஆகக் குறைந்தது. (கம்பெனியாகப் பதியாத தனிக் கடைகளுக்கு இது பொருந்தாது.) ஒன்றரை லட்சம் லாபத்துக்கு முன்பு 25,500 வெள்ளி வரி, பிறகு 22,500. மிச்சம் ஆண்டுக்கு 3,000, மாதத்துக்கு 250. ஐந்து பேர் வேலை செய்யும் கடையானால் தலைக்கு மாதம் 50 வெள்ளி.

வரி கூடினால் தொழிலாளி பாதிக்கப்படுவான் என்பது நம் வாதம். நல்லது. அப்படியானால் வரி குறைந்தபோது தொழிலாளி பயனடைந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த 50 வெள்ளியை எத்தனை பேர் கொடுத்தோம்? 50 வேண்டாம், 20 கொடுத்தோமா? ஏறும்போது அவன் தலையில் ஏறும் வரி இறங்கும்போது மட்டும் நம் பைக்குள் இறங்குமானால், அது பொருளாதார விதியா, நம் விருப்பமா? விதியென்றால் இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வது தராசின் குற்றமல்ல; பிடித்திருக்கும் கையின் குற்றம்.

நம்முடைய மெய்யான குறை

இவ்வளவும் சொன்னதனால் சிறு வியாபாரிக்குக் குறையே இல்லை என்று ஆகிவிடாது. உண்டு. அதைச் சரியான இடத்தில் காட்ட வேண்டும் என்பதே நம் கருத்து.

லாபத்தின்மேல் வரும் வரி லாபம் இருந்தால்தான் வரும். நஷ்டப்பட்டவனை அது தேடி வராது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வரும் லெவி, லைசென்சுக் கட்டணம் போன்றவை லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வாசலில் வந்து நிற்கும். 2025 ஜூலை 1 முதல் கடை வாடகையின்மேலும் சேவை வரி விரிந்தது. தொடக்கத்தில் நூற்றுக்கு 8 வீதம். மிகச் சிறிய வியாபாரிகளுக்கு விலக்குக் கொடுக்கப்பட்டாலும், நடுத்தரக் கடைக்காரர் கூட்டம் குறைந்த மாதத்திலும் அதைக் கொடுத்தாக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2022இல் 1,500 வெள்ளியாயிற்று. 2025இல் 1,700 வெள்ளியாயிற்று. அது தொழிலாளியின் ஹக்கு. அதை நாம் வரியோடு சேர்த்துப் புலம்பக் கூடாது. 2025 அக்டோபர் முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் ஊழியர் சேமநிதியில் முதலாளி நூற்றுக்கு 2 செலுத்த வேண்டும் என்று வந்ததும் அப்படியே. 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு அது 34 வெள்ளி. அவனுடைய முதுமைக்காகப் போகும் காசு அது.

நிலையான வரிக்கும் பங்கு வரிக்கும் உள்ள இந்த வித்தியாசம் நம் மார்க்க அறிஞர்கள் அறியாததல்ல. எட்டாம் நூற்றாண்டில் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூ யூசுப் அவர்கள் வரியைப் பற்றி ஒரு நூல் எழுதிக் கொடுத்தார்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதைவிட, விளைச்சலில் ஒரு பங்கு வாங்குவதே குடிகளுக்கும் அரசுக்கும் நல்லது என்பது அவர்கள் கூறிய ஆலோசனை. 1377இல் தமது முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் அவர்களோ, ஓர் ஆட்சியின் தொடக்கத்தில் வரி கொஞ்சமாக இருந்து வருமானம் பெருகும், முடிவில் வரி மிகுந்து வருமானம் சுருங்கும் என்று கண்டு சொன்னார்கள். ஆகவே, அளவுக்கு மீறிய வரியை எதிர்ப்பதற்கும், லாபம் பாராத கட்டணத்தை எதிர்ப்பதற்கும் நமக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தொழிலாளியைக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவையில்லை.

ஜகாத்து கற்பிக்கும் பாடம்

நம்மில் ஜகாத்துக் கொடுக்கும் வியாபாரி ஆண்டு முடிவில் சரக்கையும் ரொக்கத்தையும் எண்ணி நூற்றுக்கு இரண்டரை எடுத்து வைக்கிறார். அதற்காக ரொட்டி சானாய் விலையை அவர் ஏற்றுவதில்லை. கடைப் பையனின் சம்பளத்தில் பிடிப்பதில்லை. ஏன்? இது என் பொருளிலிருந்து நான் கொடுக்க வேண்டியது என்ற நிய்யத்து இருக்கிறது. பிறர்மேல் தள்ளினால் ஜகாத்தே நிறைவேறாது என்ற அச்சம் இருக்கிறது. வரியும் ஜகாத்தும் ஒன்றல்ல. ஆனால் பொக்கிஷம் போதாதபோது பொது நன்மைக்காக வசதியுள்ளவர்களிடம் அரசு கேட்டு வாங்கலாம் என்று இமாம் கஸ்ஸாலி போன்றோர் அனுமதித்திருக்கிறார்கள். இந்நாட்டில் தனி நபர் செலுத்தும் ஜகாத்து வருமான வரியிலேயே கழித்துக்கொள்ளப்படுகிறது. நம் கடமைகள் இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இரண்டு கணக்குப் புத்தகம் வைத்து, கல்லாவில் விழுந்ததில் பாதியை மறைத்தால் அரசாங்கத்தை ஏமாற்றியதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரி மூடப்படுவதில்லை, பள்ளிக்கூடம் நிற்பதில்லை. மறைந்த தொகை வேறு வரியாகப் பிறந்து, சோப்பிலும் சட்டையிலும் ஏறி, கடைசியில் நம் கடைப் பையனிடமே வந்து சேருகிறது. சுங்கமில்லாத் துறைமுகத்தில் நடந்ததும் இதுதான். அன்றைக்கு அபின், இன்றைக்கு அன்றாடப் பண்டம்.

செய்யத்தக்கது

நம் சகோதரர்களுக்குச் சில யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, லெவியை எந்தப் பெயராலும் தொழிலாளியிடம் பிடிப்பதில்லை என்று நமக்குள் உறுதி செய்வோம். இரண்டு, வரி ஏறும்போது விலை ஏற்றுகிறவர்கள் வரி இறங்கும்போது இறக்குவோம். லாப வரி குறைந்தால் அதில் ஒரு பங்கையாவது சம்பளத்தில் சேர்ப்போம். மூன்று, ஒரே கணக்குப் புத்தகம் வைப்போம். நான்கு, அடுத்த மகஜரில், லாபம் பாராமல் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணங்களைக் கடையின் சக்திக்கேற்ப அமைக்கவும், தவணையில் செலுத்த வழி செய்யவும் புள்ளிக் கணக்கோடு கேட்போம்.

ஐந்தாவது, தொழிலாளர் பாதிக்கப்படுவர் என்ற வாக்கியத்தை எழுதுமுன், நம் கடைத் தொழிலாளி ஒருவனை உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டுவோம். அவன், "ஆமாம் மாமா, எனக்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள்" என்று சொன்னால் கையெழுத்துப் போடுவோம். அவன் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்தால், பேனாவை மூடிவிட்டு முதலில் பேரேட்டைத் திறப்போம்.

ஐந்தொகை போடும் நாள் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதற்கு அதிகாரி வருவார். கணக்குப்பிள்ளை பதில் சொல்வார். இன்னொரு கணக்கு நாளும் இருக்கிறது. அன்றைக்கு நாமே பதில் சொல்ல வேண்டும். யார் கட்டினார், யார் சுமந்தார் என்பது அங்கே மறைக்க முடியாதபடி வெளிப்படும்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும் ஒரே தராசைப் பிடிக்கும் கையை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.